அஞ்சு பிடி

"ஒரு நாளைக்குக் காயும் பழமுமா அஞ்சு பிடி சாப்பிடணும்" என்று நர்ஸ் சொன்னதும் தராசுக்காரருக்கு முதலில் வந்தது கவலை இல்லை, சந்தேகம்.

"யார் கைப்பிடிங்க?" என்று கேட்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஆரம்பிச்சிட்டார்யா மனுஷன்!

கேட்காமல் என்ன செய்வார்? கடைகடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துவதுதான் அவர் உத்தியோகம். அந்த வட்டாரத்தில் ஒரு வெங்காயம்கூட அவரைக் கேட்காமல் எடை காட்டாது. அப்பேர்ப்பட்டவரிடம் போய், பிடி என்று மொட்டையாகச் சொன்னால்? அவர் கை முறம் மாதிரி இருக்கும். அவர் மனைவியின் கையோ, அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டுகிற கைதான் என்றாலும், அவர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

"அவங்கவங்க கைதாங்க" என்று நர்ஸ் சிரித்தார். "கிராம்ல சொல்லணும்னா நானூறு. உருளைக்கிழங்கு அதுல சேராது."

கிராம் என்றதும் தராசுக்காரருக்கு உயிர் வந்தது.

நர்ஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் மனைவியிடம் திரும்பினார். "ரத்தம் ரொம்பக் குறைவா இருக்கும்மா. மாத்திரை தர்றேன், ஆனா மாத்திரை மட்டும் போதாது. கூடவே காயும் பழமும் போனாதான் அது உடம்புல ஒட்டும். ரத்தம் ஏறுற வரைக்கும் ஸ்டியரிங் பக்கம் போகாதீங்க."

போன வாரம் நிறுத்தத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. நல்ல காலம், பஸ் நின்றுகொண்டிருந்தது. டிப்போவில் உடனே அவளைப் பார்சல் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு பரிசோதனைக்குள் ரத்தம் ஏறாவிட்டால் கடைசிவரைக்கும் பார்சல் அறைதான். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்து, ஓட்டுகிறவரின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். "ஏங்க, இது போயிட்டா எனக்கு வேற என்ன தெரியும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். குரல் உடைந்துவிட்டது.

மறுநாளே சமையலறை மேடையில் தராசு ஏறியது. அந்தச் சமையலறை அவருடைய ராஜ்ஜியம். முதல் பஸ்ஸை எடுக்க அவள் விடியுமுன்னே போய்விடுவாள் என்பதால், கல்யாணமான நாள் முதல் சமையல் அவர்தான். அவருக்கு அதில் பெருமை கொஞ்ச நஞ்சமில்லை. எல்லாவற்றையும் அளந்துதான் போடுவார், அடுப்பு நேரத்தைத் தவிர. பல்லுக்கு வேலை வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பீன்ஸ், முட்டைக்கோஸ், கேரட் என்று எது போனாலும் வெளியே வரும்போது ஒரே பதத்தில், ஒரே நிறத்தில் வரும். பப்பாளியையும் விடிகாலையிலேயே நறுக்கி டப்பாவில் அடைத்துவிடுவார். பாவம், அது மதியத்துக்குள் தானாகவே தண்ணீர் விட்டு அழுதிருக்கும்.

இப்போது அதையெல்லாம் நானூறு கிராம் நிறுத்து, மகள் பழைய திரைச்சீலையில் தைத்த சாப்பாட்டுப் பையில் வைத்து அனுப்பினார். அதே திரைச்சீலையில் அவருடைய எடைக்கற்களுக்கும் ஒரு பை உண்டு. பெரிய பெரிய ஆரஞ்சுப் பூப்போட்ட துணி, தெருக்கோடியிலிருந்தே கண்ணைப் பறிக்கும்.

சாயங்காலம் டப்பா காலியாகத் திரும்பி வரும். தராசுக்காரர் முகம் மலரும்.

முதல் பரிசோதனையில் ரத்தம் நகம் அளவுகூட ஏறவில்லை.

"ஒழுங்கா சாப்பிடறாங்களா?" என்று நர்ஸ் கேட்டார்.

"நானே நிறுத்து வைக்கறேங்க" என்றார் தராசுக்காரர். அவர் மனைவி தரையைப் பார்த்தாள்.

அவருக்குத் தூக்கம் போயிற்று. மாத்திரை உள்ளே போகிறது, நானூறு கிராம் உள்ளே போகிறது, ரத்தம் மட்டும் எங்கே போகிறது? இப்படி ஒரு கணக்கு அவர் வாழ்க்கையில் உதைத்ததே இல்லை. கடைசியில் தன் தராசையே சந்தேகப்பட்டார்! கழற்றி, துடைத்து, எடைக்கல் வைத்துப் பார்த்தார். தராசு சுத்தம். நர்ஸ் சொன்னதைத் தப்பாகக் கேட்டோமோ? தோலோடு நானூறா, தோல் நீக்கியா? வேகுமுன்னா, வெந்த பிறகா? குளிக்கும்போதுகூட அதே யோசனை.

"அப்பா, வெந்த பிறகு அதுல காய்னு ஏதாவது மிஞ்சுதா என்ன?" என்றாள் மகள்.

"பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்றார் அவர். அப்போது யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

அந்த வாரம் டிப்போவின் பார்சல் தராசைச் சோதிக்கும் முறை வந்தது. எடைக்கல் பையோடு கேட்டுக்குள் நுழைந்தார். எங்கிருந்தோ ஒரு ஆடு பாய்ந்து வந்தது. கொழுகொழுவென்று, எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி மினுமினுப்பு. நேராக அவர் பைக்குள் தலையை விட்டு, இரும்புக்கல்லை நக்கிப் பார்த்துவிட்டு, ஏமாந்துபோய் அவரை நிமிர்ந்து பார்த்தது.

"கோவிச்சுக்காதீங்க சார்" என்று காவலாளி ஓடி வந்தார். அவருக்கு இவர் யாரென்று தெரியாது. "நம்ம ஆடுதான். பையைப் பாத்து ஏமாந்துடுச்சு. பார்சல் ரூம் அம்மா இதே துணியிலதான் சாப்பாடு கொண்டு வருவாங்க. காய், பழம் எல்லாம் இதுக்குத்தான். முன்னெல்லாம் கொஞ்சமா வரும், இப்போ அள்ளி அள்ளிப் போடறாங்க. எப்படித் தேறிடுச்சு பாருங்க!"

தராசுக்காரரின் கை சும்மா இருக்கவில்லை. ஆட்டைத் தூக்கிப் பார்சல் தராசில் நிறுத்தினார். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்தார். காணாமல் போன அவருடைய கேரட்டும் பீன்ஸும் பப்பாளியும் நாலு காலில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"ரொம்ப நாளா குடுக்கறாங்களா?"

"அந்தம்மா பஸ் ஓட்டுற காலத்துலேர்ந்தே சார். இதுக்கு முன்னாடி இதோட அம்மா சாப்பிட்டுச்சு."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார். "ஆடு சௌக்கியமா?"

அவள் அப்படியே நின்றாள். முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குத்தான் சோற்றில் மறைக்க முடியும்?

"என்ன விளையாட்டு இது?" அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. "பஸ் போயிடுமே! உனக்கு அது வேணாமா?"

"வேணும்."

"அப்புறம் ஏன்?"

"உள்ளே இறங்கலைங்க. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக்கூடப் பாத்தேன்." அவள் பையை மேசைமேல் வைத்தாள். "விடியறதுக்குள்ள எந்திரிச்சு எனக்காகச் சமைக்கறீங்க. எத்தனை வீட்டுல நடக்கும் இது? அதைப் போய் நல்லா இல்லேன்னு எப்படிங்க சொல்வேன்?"

"நல்லா... இல்லையா?"

"அப்பா, நான் சொல்லட்டுமா?" என்று உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

"நீ சும்மா இரு!" என்று இருவரும் சேர்ந்து அதட்டினார்கள்.

அவள் சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. "யார் பிடின்னு கேட்டீங்க. தோலோடவான்னு கேட்டீங்க. எனக்குப் பிடிக்குதான்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

தராசுக்காரர் உட்கார்ந்துவிட்டார். ஊரார் தராசையெல்லாம் சரிபார்த்த மனுஷன், வீட்டில் கோட்டை விட்டுவிட்டார். நெஞ்சு வலித்தது. ஆனால் பிறவிக் குணத்தை என்ன செய்வது? கொஞ்ச நேரத்தில் அந்த வலிக்குள்ளிருந்தே ஒரு கேள்வி தலையை நீட்டியது.

"சரி, எதுதான் பிடிக்கும்?"

அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. "செங்காய்" என்றாள்.

"என்னது?"

"கொய்யா, மாங்காய் எல்லாம் செங்காயா இருக்கணும். காயும் இல்லாம, பழமும் இல்லாம, நடுவுல. வெள்ளரி, கேரட்டெல்லாம் நறுக்கவே கூடாது. கடிச்சா சத்தம் வரணும்ங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். தராசைப் பார்க்காமல் அவர் ஒரு சாமானை வாங்கியது அன்றுதான். ஒவ்வொரு கொய்யாவையும் விரலால் அமுக்கி, இது செங்காயா, இது செங்காயா என்று கேட்டுக் கேட்டுக் கடைக்காரரைப் படுத்திவைத்தார்.

இரண்டாவது பரிசோதனையன்று நர்ஸ் சீட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "நல்லா ஏறியிருக்கே! பஸ் எடுக்கலாம்மா. என்ன சார் செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யலைங்க" என்றார் தராசுக்காரர். "அதான் ஏறிடுச்சு. ஒரு சந்தேகம். செங்காய் காய்ல சேத்தியா, பழத்துல சேத்தியா?"

"எதுல வேணா சேத்துக்கோங்க. உள்ளே போனா சரி."

மறுபடி அவள் ஓட்டிய முதல் பஸ்ஸில், அவளுக்கு நேர் பின் இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்தார். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு அவள் என்ஜினை நிறுத்திவிட்டுப் பையைத் திறந்தாள். 'கறுக்' என்று சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவள் சாப்பிடும் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை.

அவள் திரும்பாமலே இன்னொரு கொய்யாவைப் பின்னால் நீட்டினாள். "இந்தாங்க, பிடிங்க."

வாங்கிக் கடித்தார். பல்லுக்கு நிறைய வேலை இருந்தது.

"பிடிச்சிருக்கா?" என்று கண்ணாடியில் அவரைப் பார்த்துக் கேட்டாள்.

யோசித்துப் பார்த்தால், அவரையும் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாய் நிறையக் கொய்யாவோடு தலையை மட்டும் ஆட்டினார்.