ஆறு சாடியும் ஓர் அறையும்

அது கஞ்சா என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அம்பலவாணன் தக்காளி என்று நினைத்து வளர்த்தான் என்று பிறகு சனம் கதை கட்டிச் சிரித்தது. எனக்கென்ன கண் பொட்டையா? ஊரில் பத்து வருசம் புகையிலைத் தோட்டம் செய்தவன் நான்.

எண்பத்தெட்டாம் ஆண்டு. லண்டன் வால்தம்ஸ்டோவில் கொலினுடைய வீட்டுச் சின்ன அறையில் குடியிருந்தேன். கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். நாலு வருசக் காத்திருப்புக்குப் பிறகு என் மனைவி தவநாயகிக்கு விசா கிடைத்துவிட்டது. இன்னும் இரண்டு மாதத்தில் வந்திறங்குவாள். அவளை இந்தப் பெட்டிக்குள் எப்படிக் கூட்டிவருவது?

பக்கத்தில் பெரிய அறை இருந்தது. அதில் ஆறு சாடிகளில் கொலினின் செடிகள் இரண்டு பெரிய விளக்குகளோடு சொகுசாகக் குடியிருந்தன. என் மனைவிக்கு இல்லாத அறை செடிக்கு! கேட்டால், "செடி முடிஞ்சதும் அறை உனக்கு" என்பான். செடியோ முடிகிற பாட்டைக் காணோம், மஞ்சள் பிடித்து நின்றது. கொலின் பஸ் ஓட்டுகிறவன், நல்ல மனுசன். தோட்டத்தில் மட்டும் சுத்த சூனியம்.

ஒருநாள் அவன் உரத்தண்ணீரைச் சாடிக்குள் கவிழ்ப்பதைக் கண்டதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நாங்கள் கதைத்தது இங்கிலீஷில். என் இங்கிலீஷை இங்கே எழுதி என் மானத்தை நானே வாங்க மாட்டேன்.

"நிப்பாட்டு! இலை நுனி கருகிக் கிடக்கு, தெரியேல்லையே? இது பசியில்லை, அஜீரணம். நீ சாப்பாடு தீத்தித் தீத்திக் கொல்லுறாய்."

"அப்ப மஞ்சள்?"

"அது வேற வருத்தம். அடி இலையில மட்டும் மஞ்சள், நரம்பு பச்சை. மக்னீசியம் காணாது."

நம்பாமல் பார்த்தான். கேத்திலைக் கொண்டுவந்து உள்ளே பிடித்திருந்த வெள்ளைப் படிவைக் காட்டினேன். தண்ணீரில் சுண்ணாம்பு கூடினால் வேருக்கு மக்னீசியம் ஏறாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரும் இதே சாதிதான். இந்த மஞ்சளைப் புகையிலையில் எத்தனை தரம் பார்த்திருப்பேன்!

ஒவ்வொரு சாடியாகக் குளியல் தொட்டியில் வைத்து, அடியால் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றிக் கழுவினேன். மண் காயும்வரை பட்டினி போட்டேன். மருந்துக்கடையில் எப்சம் உப்பு வாங்கினேன்; மக்னீசியம்தான், பேதிக்கும் கொடுப்பார்கள். கடைக்காரி என் வயிற்றைப் பார்த்து, பக்கத்தில் கக்கூஸ் இருக்கிறதா என்று பரிவாக விசாரித்தாள். லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்து இலையில் தெளித்தேன். பழைய மஞ்சள் மாறவில்லை, அது மாறாது. ஆனால் மேலே ஏறாமல் நின்றது. பதினைந்து நாளில் புது இலை கரும்பச்சையாக வந்தது. கொலின் என்னைக் கட்டிப்பிடித்து "புரொபெசர்!" என்றான். பெற்றோல் ஷெட்டில் கண்ணாடிக்குப் பின்னால் நாலு வருசம் இருந்தவனை ஒருத்தன் அப்படிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிறகு செடி பூத்தது. எனக்குப் பகீரென்றது. புகையிலையில் பூவை விட்டால் சத்தெல்லாம் அதற்குப் போய் இலை சப்பையாகிவிடும். தலையை நுள்ளிவிட்டால்தான் இலை தடித்து வேளைக்கு முற்றும். புகைக்கிறது இலையைத்தானே? தவநாயகி வர இன்னும் பத்து நாள். கொலினோ தங்கச்சியின் கல்யாணத்துக்கு வேல்ஸ் போயிருந்தான். அவன் திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்று திங்கட்கிழமை ஒரு பூ விடாமல் நுள்ளினேன். விரலில் ஒட்டிய பிசின் விம் போட்டு உரஞ்சியும் போகவில்லை. பூவைக் கறுப்புப் பையில் போட்டு, மேலே ஞாயிற்றுக்கிழமை வெட்டிய மீனின் குடலையும் செதிலையும் கொட்டிக் கட்டி, வாசலில் வைத்தேன்.

செவ்வாய் காலை கொலின் வந்து அறையைத் திறந்தான். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பாராட்டுக்கு நின்றேன்.

"பூ எங்கை?"

"நுள்ளி எறிஞ்சிட்டன். இனிப் பார், இலை எப்பிடித் தடிக்குதெண்டு!"

"புகைக்கிறதே பூவைத்தானடா!"

வெளியே குப்பை லொறி உறுமியது. கொலின் காலுறையோடு தெருவில் பாய்ந்தான். எங்கள் பை ஏற்கெனவே குவியலில் கலந்துவிட்டது, எல்லாம் ஒரே கறுப்பு. என்ன தொலைந்தது என்று லொறிக்காரர் கேட்டார். கொலின் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"அம்மாவின்ரை மோதிரம்."

ஐயோ, அந்தத் தெருவின் நல்ல குணம்! லொறிக்காரர் மூவரும் பைகளை இறக்கினார்கள். எதிர்வீட்டுக் கிரிஜா கையுறை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். போதாததற்கு, அந்த வழியால் நடந்துவந்த பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினார். அவர் முதலில் தூக்கியது எங்கள் பையைத்தான். தவநாயகி வந்திறங்கும்போது நான் மறியலில் கம்பி எண்ணப்போகிறேன் என்றே நினைத்தேன்.

அவர் முடிச்சை அவிழ்த்தார். இரண்டு நாள் மீன்குடல் அவருடைய முகத்தில் அடித்தது. "சீசஸ்!" என்று குமட்டிக்கொண்டு, பையை இறுகக் கட்டித் தன் கையாலேயே லொறிக்குள் வீசினார். இரும்புத் தகடு இறங்கி அதை நசுக்கியது. கொலினின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவின் மோதிரத்துக்காகக் கிரிஜா அவனுடைய முதுகைத் தடவிவிட்டாள்.

கொலின் உள்ளே வந்து படியில் குந்தியிருந்தான். கேட்கக் கூடாதுதான், ஆனால் வாய் சும்மா கிடந்தால்தானே.

"கொலின், செடி முடிஞ்சுதுதானே... அப்ப அறை?"

அவன் எழும்பி முதல் சாடியைத் தானே தூக்கி வெளியே வைத்தான். "மற்ற அஞ்சையும் நீயே தூக்கு, புரொபெசர்" என்றான். அவனுக்குச் செய்த அநியாயத்துக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது.

தவநாயகி வந்தாள். விமான நிலையத்தில் இரண்டு பேருக்கும் கதை வரவில்லை. பஸ்ஸிலும் வரவில்லை. நாலு வருசத்தில் புதுச் சனம் மாதிரி ஆகிவிட்டோம். அறைக்குள் வந்து, கம்பளத்தில் பதிந்திருந்த ஆறு வட்டங்களைப் பார்த்தாள்.

"இதென்னப்பா?"

சொன்னேன். பொலிஸ்காரர் பையை அவிழ்த்த இடத்தில் அவள் வாயைப் பொத்தினாள். லொறிக்குள் வீசிய இடத்தில் கட்டிலில் விழுந்து சிரித்தாள், கண்ணீர் வர வர.

"நுள்ள முன்னம் வளர்த்தவனை ஒரு சொல்லுக் கேட்டனீங்களே?"

"இல்லை."

"என்னைப் பெண் பார்க்க வந்த அண்டு எங்கடை வீட்டு மிளகாய்க் கண்டுகளையும் இப்பிடித்தானே கேக்காமல் நுள்ளினனீங்கள்."

பிறகு என் வலக்கையைப் பிடித்து, விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இன்னும் மணக்குது" என்றாள். கையை விடவில்லை.