போய்ச் சேராத புது நம்பர்

பல் செட் செய்யும் பட்டறையில் அவளுக்குப் பல்லம்மா என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடமாக மெழுகில் பல் பதிக்கிறவள். வாயின் அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தாலே, இவருக்கு எவ்வளவு மஞ்சள் கலக்க வேண்டும், முன்பல்லை எந்த அளவு சாய்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள். "ஊருக்கெல்லாம் சிரிப்பு செஞ்சு குடுக்கறா, தனக்குன்னு ஒண்ணு செஞ்சுக்கலையே" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள். அவள் அதற்கும் சிரிக்கமாட்டாள்.

நான்கு மாதத்துக்கு முன்பு பழைய பட்டறையை விட்டு இந்தப் பட்டறைக்கு வந்து சேர்ந்தாள். பழைய முதலாளிக்கு அதில் ஏகக் கடுப்பு. அவள் வைத்திருந்த நம்பர் பட்டறையின் பெயரில் வாங்கியது. கடைசி நாளன்று, "போன் உன்னோடது, சிம் என்னோடது. கழட்டி வச்சுட்டுப் போ" என்று கையை நீட்டினார். அவளும் வீம்பாகக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே புது சிம் வாங்கிப் போட்டு, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் 'இது என் புது நம்பர்' என்று மெசேஜ் அனுப்பினாள். அக்காவுக்கு மட்டும், சின்ன வயதிலிருந்து கூப்பிடும் பட்டப்பெயர் போட்டு, தனியாக உட்கார்ந்து எழுதினாள். 'பூசணி, இது என் புது நம்பர். அன்னிக்கு நான் பேசினது தப்பு. பதில் போடு.'

அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிலேயே இரண்டு காதும் போய்விட்டன. புருஷனும் போனபின், ஆறு மணி நேரப் பஸ் தூரத்தில் ஓர் ஊரில் தனியாக இருந்தாள். போனில் பேச வழியில்லாததால் அக்கா தங்கைக்குள் நல்லது கெட்டது எல்லாம் மெசேஜில்தான். கடைசியாக அக்கா வந்திருந்தபோது உறவுக்காரர்கள் நாலு பேர் நடுவில் ஒரே கேள்வியை மூன்றாம் தடவை கேட்டாள். பல்லம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. அக்காவுக்கு முதுகு காட்டிக்கொண்டு சொல்லியிருந்தாலாவது தேவலை. நேருக்கு நேராகப் பார்த்து, "இவகூடப் பேசறதுக்குச் சுவத்துகிட்டப் பேசலாம்" என்றாள். காது கேட்காவிட்டாலும் அக்காவுக்கு உதடு படிக்கத் தெரியும். அன்றே பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

புது நம்பரில் இருந்து அனுப்பியதற்கு அக்காவிடமிருந்து பதில் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. மன்னிப்பும் கேட்டாயிற்று, இன்னும் காலில் விழ வேண்டுமா என்று பல்லம்மாவும் விட்டுவிட்டாள். மற்றவர்களும் பதில் போடவில்லைதான். வேலை செய்த இடத்தில் இவ்வளவுதான் மதிப்பு என்று அதையும் மனதில் வைத்துக்கொண்டாள்.

விஷயம் வெளியே வந்தது ஒரு பல் டாக்டரால். ஒரு பல் செட்டின் நிறம் எத்தனையாம் நம்பர் என்று மெசேஜில் கேட்டிருந்தார். அவள் உடனே அனுப்பினாள். மறுநாள் பட்டறைக்கே போன் செய்து, "ஒரு பதில் போடக்கூட நேரமில்லையா உங்களுக்கு" என்று சத்தம் போட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெருமுனை போன் கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண் போனை வாங்கிப் பார்த்தாள்.

"எல்லா மெசேஜுக்கும் கீழ சின்னதா ஒரு சிவப்புக் குறி இருக்கே, பாக்கலையா?"

"பாத்தேன். போயிடுச்சுங்கறதுக்கு அடையாளம்னு நெனச்சேன்."

"போகலைங்கறதுக்கு அடையாளம்மா அது." கடைக்காரி உள்ளே எதையோ தட்டித் தேடினாள். "மெசேஜெல்லாம் ஒரு எண் வழியாத்தான் போகணும். உங்க போன்ல இன்னும் பழைய சிம் கம்பெனியோட எண்ணே நிக்குது. புது சிம்முக்கு அது ஒத்து வராது. கால் போகும், வரும். மெசேஜ் மட்டும் போகாது. எத்தனை நாளா இப்படி?"

"நாலு மாசமா."

கடைக்காரி நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். எண்ணை மாற்றி, போனை அணைத்துப் போட்டாள். இரண்டு நிமிட வேலை. பிறகு நின்றுபோன மெசேஜ்களை ஒவ்வொன்றாக மறுபடி அனுப்பினாள். அக்காவுடையது வந்ததும் விரல் நின்றது. "இது கொஞ்சம் சொந்த விஷயமா இருக்கு. இதையும் அனுப்பவா?"

"அனுப்பு."

பட்டறைக்குத் திரும்பும் வழியிலேயே பதில்கள் வர ஆரம்பித்தன. 'உயிரோடதான் இருக்கியா மகராசி' என்றாள் பழைய பட்டறைத் தோழி. 'எங்களையெல்லாம் வெட்டி விட்டுட்டேன்னு நெனச்சோம்' என்றார் அங்கே பல்லுக்கு மெருகு போடுகிறவர். அக்காவிடமிருந்து மட்டும் ஒன்றுமில்லை. மறுநாள் காலையிலும் இல்லை. மெழுகைச் சூடாக்க வைத்தவள் அப்படியே விட்டுவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அக்கா இந்த நாலு மாதமும் பழைய நம்பருக்கு எழுதியிருந்தால்? தன் பழைய நம்பரைத் தானே கூப்பிட்டாள்.

யாரோ ஒரு பெண் எடுத்தாள்.

"இந்த நம்பர் முன்னாடி என்னோடது. பல் பட்டறையில..."

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க வாலுவா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

உலகத்தில் ஒரே ஒருத்திதான் பல்லம்மாவை அப்படிக் கூப்பிடுவாள்.

"உங்க இடத்துலதான் நான் சேந்தேங்க. முதலாளி இந்த சிம்மை என்கிட்டக் குடுத்தார். நீங்க எங்க இருக்கீங்க? நான் நேர்ல வர்றேன்."

"எங்க அக்கா எப்படி இருக்கா? அதை இப்பவே சொல்லு."

"அவங்க போயி மூணு வாரம் ஆச்சுங்க" என்றாள் அவள்.

சாயங்காலம் அந்தப் பெண் பல்லம்மாவின் அறைக்கே வந்தாள். நாற்பது வயது இருக்கும். விரல் நகத்தில் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் காய்ந்திருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போனைத் திறந்து பல்லம்மாவின் கையில் கொடுத்தாள்.

'வாலு, சாப்பிட்டியா? நான் கோபமா இல்ல.' இது அக்கா.

'இது அவங்க நம்பர் இல்லைங்க. நான் புதுசா வந்தவ.' இது இந்தப் பெண்.

'நடிக்காதே வாலு. கோபம்னா கோபம்னு சொல்லு.'

பிறகு ஒரு மாதம் எதுவும் இல்லை. அதன்பின்:

'ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. மூச்சு வாங்குது. பெருசா ஒண்ணுமில்ல.'

'பக்கத்துப் படுக்கைக்காரி ஓயாமப் பேசறா. எனக்குக் காது கேக்காதது எவ்வளவு வசதி தெரியுமா.'

'டாக்டர் நர்ஸம்மாகிட்டப் பேசினதை உதட்டுல படிச்சுட்டேன். நாள் அதிகமில்லையாம். கோபத்தை அப்புறம் வச்சுக்கலாம், ஒரு தடவை வந்துட்டுப் போ.'

"உங்க புது நம்பரை முதலாளிகிட்டக் கேட்டேன்" என்றாள் அந்தப் பெண். "போனவ போனவதான்னுட்டார். மத்தவங்ககிட்டயும் கேட்டேன். எல்லார்கிட்டயும் இந்தப் பழைய நம்பர்தான் இருந்துச்சு. அவங்களோ தினம் எழுதிட்டே இருந்தாங்க. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல."

அடுத்த மெசேஜ் அவள் எழுதியது. 'அக்கா, எனக்குக் கோபம் இல்ல. லீவு கிடைக்கல. சீக்கிரம் வந்துடறேன். நல்லாத் தூங்குங்க.'

பல்லம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "வந்துடறேன்னு நீ எப்படி எழுதலாம்? எம்பேர்ல நீ யாரு எழுதறதுக்கு?"

"தப்புதாங்க. வேற என்ன எழுதறதுன்னு தெரியல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கீழ இன்னும் ஒண்ணு இருக்கு. காட்டறதா வேண்டாமான்னு வர்ற வழியெல்லாம் யோசிச்சேன்."

பல்லம்மா விரலால் திரையைத் தள்ளினாள்.

'நீங்க வாலு இல்ல. அவ ஒரு நாளும் என்னை அக்கான்னு கூப்பிட்டது கிடையாது. தூங்குங்கன்னு மரியாதை குடுக்கவும் தெரியாது அவளுக்கு. முதல்ல நீங்க சொன்னது நிஜம்னு இப்பதான் புரியுது. அப்ப நான் எழுதினது எதுவும் அவளுக்குப் போகல. அதனாலதான் அவ வரல. இது தெரிஞ்சது எனக்கு நிம்மதியா இருக்கு. நீங்க நல்லா இருக்கணும்.'

அதற்கு இந்தப் பெண் எழுதியிருந்த பதில் அப்படியே நின்றது. 'எப்படியாவது தேடிக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வர்றேங்க.' இரண்டு நாள் கழித்து அக்காவின் பக்கத்து வீட்டம்மாள் இந்த நம்பருக்கே போன் செய்து தகவல் சொல்லியிருக்கிறாள்.

பல்லம்மா போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடியில் வைத்து மூடிக்கொண்டு அழுதாள். இருபத்திரண்டு வருடம் வாய்களோடு பழகியவளுக்குத் தன் வாயை மூடத் தெரியவில்லை. அந்தப் பெண் எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக அந்த ஊருக்குப் போனார்கள். பக்கத்து வீட்டம்மாள் சாவியைக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுத்தாள். "எல்லாம் முடிஞ்சப்புறம் வழி தெரிஞ்சுதாக்கும். கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரி வாசப்பக்கமே பாத்துட்டுப் படுத்திருந்தா உங்க அக்கா."

"அப்படி இல்லைங்க, இவங்க போன்ல ஒரு கோளாறு..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

"விடு" என்றாள் பல்லம்மா. "போன்தானே கெட்டுப் போச்சு. பஸ் ஓடிட்டுத்தானே இருந்துச்சு."

பல்லம்மா பூட்டைத் திறந்து உள்ளே போனாள். மூன்று வாரத் தூசி தரையெல்லாம் படிந்திருந்தது. ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டுத் துடைப்பத்தைத் தேடினாள்.