மைக்ரான் மேடமும் என் மெத்தையும்

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. என் இரண்டு கண் மேல் ஆணையாகச் சொல்கிறேன். ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது, அதனால் நல்ல கண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் நடந்ததைக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். முழுதாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

என் மருமகள் நகராட்சியின் குப்பை பிரிக்கும் கொட்டகையில் பதினோரு வருஷம் நின்றவள். எதிரே பெல்ட் ஓடும். அதில் ஊர்க்குப்பை முழுக்க வரும். மக்குவதை இடது பக்கம், மக்காததை வலது பக்கம் தள்ள வேண்டும். அந்தத் தூசி போய்ப் போய் அவளுக்கு ஓர் இருமல் பிடித்துக்கொண்டது. அவள் சமையலறையில் இருமினால் கூடத்தில் என் மூக்குக் கண்ணாடி ஒரு விரல் கீழே இறங்கும். டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வருஷம் அங்க நின்னா அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கொட்டகை மேலாளர் வேலை காலியானது. கண்ணாடி அறை. நாற்காலி. கதவைச் சாத்தினால் தூசி எட்டிப் பார்க்காது. எல்லாத் தகுதியும் அவளுக்கு இருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: ஊருக்குப் புத்தி சொல்லப் போகிறவர் வீட்டில் முப்பது நாளைக்குள் பிளாஸ்டிக் ஒழிந்திருக்க வேண்டும். முப்பத்தோராம் நாள் ஆய்வுக்கு ஆள் வரும். மூன்று குற்றம் அகப்பட்டால் வேலை அடுத்தவருக்கு. அவள் மறுபடி பெல்ட்டுக்கு.

அன்று சாயங்காலம் அவள் எங்கள் மூன்று பேரையும் வரிசையில் நிற்க வைத்தாள். நான், என் மகன், என் சம்பந்தி. சம்பந்தி என்றால் அவளைப் பெற்றவர், ஓய்வு பெற்ற தையல்காரர். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்து ஆறு வருஷம் ஆகிறது.

"உயிரைக் காப்பாத்துறது, கரண்டு ஓடுறது, இது ரெண்டும் விதிவிலக்கு. மாமாவோட பல்செட்டு, அப்பாவோட மாத்திரை, போன், ஒயர், இவரோட ஹெல்மெட். மத்தது எல்லாம் வெளிய போகணும். யாராவது எதையாவது ஒளிச்சு வச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க."

மகன் பையிலிருந்து சீப்பை எடுத்து நீட்டினான். சம்பந்தி அளவு நாடாவுக்கு முத்தம் கொடுத்துவிட்டு நீட்டினார்.

"என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா" என்றேன் நான்.

"மாமா மாதிரி ஒருத்தர் வீட்டுல இருந்தா போதும்" என்றாள் அவள்.

அதோடு என் வாய் அடைத்துப் போயிற்று. கடையில் தரும் கவரை எறிய எனக்கு என்றைக்குமே மனசு வந்ததில்லை. உதறி, காயவைத்து, மடித்து, இன்னொரு கவருக்குள் வைப்பேன். எல்லார் வீட்டிலும் கதவுக்குப் பின்னால் அப்படி ஒன்று தொங்கும். என்னுடையது தொங்கும் கட்டத்தைத் தாண்டி, என் பீரோவுக்குள் குடி போய், என் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பிவிட்டிருந்தது. இருபத்தெட்டு வருஷத்துக் கவர்கள். நாலாயிரத்துச் சொச்சம்.

வெளியே எறியவும் வழியில்லை. தெருக் குப்பையெல்லாம் அவள் கொட்டகைக்குத்தான் போகும். அங்கே இருக்கிறவர்கள் ஒரு வாழைப்பழத் தோலைப் பார்த்தே எந்த வீடு, எத்தனையாவது மாடி, தின்றவருக்குப் பல் இருக்கிறதா என்று சொல்லிவிடுகிற ஆட்கள்.

மாதம் ஓடியது. பால் தூக்குவாளியில் வந்தது. உப்பும் பருப்பும் ஜாடிகளில் ஏறின. குளியலறை வாளி தகரமாயிற்று. அதில் தண்ணீர் பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் மழை என்று துணி எடுக்க ஓடுவார். மகன் ஒருநாள் துணிப்பையை மறந்துவிட்டு, முப்பது முட்டையை ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டு, வெறும் தலையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே மூன்று மைல் நடந்து வந்தான். சம்பந்தி எங்கள் சட்டைகளில் இருந்த நூற்றுப் பன்னிரண்டு பொத்தான்களையும் பிய்த்துவிட்டு மரப் பொத்தான் தைத்தார். மருமகள் தினமும் காலண்டரில் ஒரு கோடு போட்டாள். கோடு போட்டுவிட்டு இருமுவாள். ஒவ்வொரு கோட்டுக்கும் எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு இறங்கவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம், நூல்கண்டு தேடி வந்த சம்பந்தி என் பீரோவைத் திறந்தார். பீரோ அவர் மேல் கொட்டியது. கழுத்துவரை கவருக்குள் நின்றபடி என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, என் பொண்ணைக் கொல்லப் பாக்குறீங்களா?"

"நான் செத்துடலாம்னு பாக்குறேன், சம்பந்தி."

"நீங்க செத்தாலும் இது இங்கதானே கிடக்கும்? சாகுறதுக்கு முன்னாடி இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

வழியை அவரே சொன்னார். என் மெத்தையைப் பிரித்தோம். பஞ்சை மூட்டை கட்டி வெளியே அனுப்பினோம். பஞ்சு மக்கும் சாதி, அதை யாரும் தடுக்கவில்லை. கவர்களை உள்ளே திணித்து, சம்பந்தி தன் ஆயுளிலேயே நெருக்கமான தையலைப் போட்டு மூடினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நான் ஏறிப் படுத்தேன்.

சரசரசர.

"அசையாதீங்க" என்றார்.

"அசையல. மூச்சுதான் விட்டேன்."

"அப்ப அதையும் பாத்து விடுங்க."

முப்பத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். ஊரில் அவரை மைக்ரான் மேடம் என்பார்கள். ஒரு கவரைக் கண்ணால் பார்க்க வேண்டாம், கசக்குகிற சத்தத்தைக் கேட்டே எத்தனை மைக்ரான் கனம் என்று சொல்லிவிடுவார். ஒரு கல்யாண மண்டபத்தில் மேளம் வாசிக்கும்போதே, மூன்றாவது வரிசையில் யாரோ மிட்டாய்க் காகிதம் பிரித்ததைப் பிடித்தவர். வந்ததும் முதல் காரியமாக மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்.

வீட்டில் அப்படியொரு நிசப்தம். நான் என் அறையில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு காய்ச்சல்காரனாகக் கிடந்தேன். சம்பந்தி பக்கத்தில் முக்காலி போட்டு, என் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தார். அறை வாசலில் மருமகள். சமையலறையில் ஜாடிகள் திறந்து மூடுவது கேட்டது. பிறகு மகன் வேலைக்குக் கிளம்பி ஷூவோடு நடக்கிற சத்தம்.

"தம்பி, நில்லுங்க. ஷூ கயித்து நுனி."

"மேடம்?"

"கயித்து நுனியில குட்டியா ஒரு குழாய் இருக்குல்ல? நடக்கும்போது டிக்குன்னு தரையில படுது. ஒண்ணு."

பேனா காகிதத்தில் ஓடுவது எனக்கே கேட்டது. மருமகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

காலடி எங்கள் அறைக்கு வந்தது. மேடம் ஒல்லியான அம்மா. கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்தார். நான் மூச்சை நிறுத்தினேன். சம்பந்தி பயத்தில் எச்சில் விழுங்கினார்.

"ஐயா, உங்க காலருக்குள்ள என்ன?"

சம்பந்தி கழுத்தைத் தடவிப் பார்த்தார். காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைத்துத் தைக்கிற பிளாஸ்டிக் பட்டை. நாற்பது வருஷத் தையல்காரர், பொத்தானையெல்லாம் பிய்த்தவர், அதை மறந்துவிட்டார்.

"ரெண்டு" என்றார் மேடம்.

மருமகளுக்கு இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தி அதை உள்ளேயே அமுக்கினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. இன்னும் ஒன்று அகப்பட்டால் தீர்ந்தது.

மேடம் என்னைப் பார்த்தார். "பெரியவருக்கு என்ன?"

"காய்ச்சல்" என்றார் சம்பந்தி. "தொத்திக்கிற ரகம்."

"பாவம்" என்று சொல்லி என் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சர்ர்ர்ர்.

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்து ஓய்ந்தது.

"என்ன சத்தம் அது?"

"அவருக்கு எலும்பு தேஞ்சு போச்சும்மா" என்றார் சம்பந்தி. "முட்டி பேசும்."

"முட்டி இருபது மைக்ரான்லயா பேசும்?"

மேடம் எழுந்தார். சத்தம் மட்டும் போதாது, கண்ணால் பார்த்தால்தான் எழுதலாம் என்பது விதியாம். கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். "ஒரே ஒரு தையல் பிரிச்சுப் பாத்துடுறேன்" என்று சொல்லி, வெளிச்சத்துக்காக ஜன்னலின் இரண்டு கதவையும் விரியத் திறந்தார். பத்தரை மணி வெயில் நேராக என் மெத்தை மேல் விழுந்தது.

நாலாயிரம் கவருக்குள் இருந்த காற்று சூடானது. சூடான காற்று மேலே போகும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். இதில் நானாகச் சேர்த்தது எதுவுமில்லை. மெத்தை முதலில் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு உப்பியது. பிறகு கட்டிலை விட்டு ஒரு சாண் எழும்பியது.

போர்வைக்குள்ளிருந்து இரண்டு கையையும் கீழே விட்டுக் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தேன். மேடம் கால்மாட்டில் குனிந்து தையல் முனையைத் தேடிக்கொண்டிருந்தார். "யாரு தைச்சது? இவ்வளவு நெருக்கமா?" என்றார். அந்த நேரத்திலும் சம்பந்தியின் முகத்தில் ஒரு பெருமை வந்து போனதை நான் பார்த்தேன். இரண்டு சாண் ஆயிற்று. என் கை விரல்கள் வெளுத்தன.

மருமகள் பார்த்துவிட்டாள். முதலில் மெத்தையை, பிறகு என்னை. கோபப்படவில்லை. "மாமா" என்று உதடு மட்டும் அசைந்தது. உடனே இருமல் வந்து அவளை இரண்டாக மடித்தது. இந்தத் தடவை பொத்தவும் முடியவில்லை. டாக்டர் பிடித்துக் காட்டிய படம் என் கண் முன்னே வந்தது.

நான் கட்டிலை விட்டேன்.

"சம்பந்தி, ஜன்னல் பக்கம் ஒரு தள்ளு தள்ளுங்க" என்று கிசுகிசுத்தேன்.

"எங்க போறீங்க?"

"தெரியல. தள்ளுங்க."

ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளுகிற மாதிரி இரண்டு உள்ளங்கையாலும் நேராக, கோணாமல் தள்ளினார். மூன்றாவது மாடி ஜன்னல் வழியாகக் காலை முன்னே நீட்டி வெளியே போனேன். கீழே தெரு சின்னதாகத் தெரிந்தது. பார்க்க வேண்டாம் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே மேடம் நிமிர்ந்தார். வெறும் கட்டில்.

"பெரியவர் எங்க?"

"காத்து வாங்கப் போயிருக்காரு" என்றார் சம்பந்தி.

மேடம் ஜன்னலுக்கு வந்தார். எட்டடி தள்ளி, அவர் கண்ணுக்கு நேரே, நான் மிதந்துகொண்டிருந்தேன். மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

மருமகள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "மேடம், மறைக்க விரும்பல. அது எங்க வீட்டு மெத்தைதான். எனக்கு இப்பத்தான் தெரியும். எழுதிக்கோங்க."

எனக்கு அங்கேயே குதித்துவிடலாம் போலிருந்தது. இவ்வளவு தூரம் வந்தவனை ஒரு வார்த்தையில் இறக்கிவிட்டாளே!

மேடம் விதிப் புத்தகத்தை எடுத்தார். ஒரு பக்கம் புரட்டினார். மறுபக்கம் புரட்டினார். காற்று என்னை ஒரு முறை சுற்றிவிட்டது. என் முகம் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பியபோது அவர் இன்னும் படித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள இருக்குறதைத்தான் நான் பாக்கணும்" என்றார் கடைசியில். "வெளிய பறக்கிறது என் கணக்குல வராது. அதுக்கு வேற துறை." இரண்டு குற்றத்தோடு கோடு போட்டுக் கையெழுத்து வைத்தார். போகும்போது ஜன்னலைப் பார்த்து, "சீக்கிரம் இறங்குங்க பெரியவரே, தையல் தாங்காது" என்றார்.

"அதெல்லாம் தாங்கும்" என்றார் சம்பந்தி.

தாங்கியது. ஊரை ஒன்றரைச் சுற்றுச் சுற்றினேன். வெயில் தாழ்ந்ததும் காற்று ஆறி, மெத்தை மெல்ல இறங்கி, கொட்டகைக் கூரையின் தகரம் போன இடம் வழியாக நேரே ஓடுகிற பெல்ட்டில் போய் விழுந்தது. அங்கே நின்ற பெண்கள் கை ஓயாமல் பிரித்தார்கள். உறையைக் கிழித்து, கவரையெல்லாம் வலது பக்கம் தள்ளினார்கள். என்னை ஒருத்தி தூக்கி உதறிப் பார்த்து, "இது மக்கும்" என்று இடது பக்கம் போட்டாள்.

அங்கிருந்து என்னை எடுத்துத் தூசி தட்டியது மருமகள்தான். வேலைக்கான ஆணை கையில் வந்த மறுநிமிஷமே வேலையில் சேர்ந்திருந்தாள். கண்ணாடி அறைக்குள் கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"ஏன் மாமா முதல்லயே சொல்லல?"

"நீ திட்டுவேன்னு பயம்மா."

"இப்பவும் திட்டத்தான் போறேன். இருங்க, கதவைச் சாத்திட்டு வர்றேன்."

சாத்தினாள். ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் திட்டினாள். நடுவில் ஒரு தடவைகூட இருமவில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்: நான் கல்யாணமே செய்துகொள்ளாதவன், மகனுக்கும் மருமகளுக்கும் நான் எங்கே போவேன்?