நண்பர் வேலைக்கு ஆள் தேவை

எங்கள் ஊரில் வயது வந்தோர் அங்காடிக்கு வருகிற அத்தனை பேரும் நண்பருக்காகத்தான் வாங்குகிறார்கள். நண்பர் ஒருவர்தான். ஆனி மாதம் அந்த வேலை காலியானது.

கடை சிங்காநல்லூரில், ஒரு பல் மருத்துவமனைக்கும் இட்லி மாவுக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. பலகையில் 'ஸ்டோர்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும். என்ன ஸ்டோர்ஸ் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. மாவு வாங்க வருகிறவர்கள் சில சமயம் தவறிப்போய் உள்ளே நுழைந்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்த பிறகுதான் இது மாவுக் கடை இல்லை என்று அவர்களுக்குத் தெரியவரும்.

ரசீதில் வாங்குபவரின் பெயருக்கு இடம் கிடையாது. 'நண்பரின் பெயர்' என்றுதான் அச்சடித்திருக்கும். அந்த நண்பர் உயிரோடும் சொந்த முகவரியோடும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆளாளுக்கு ஒரு நண்பரைத் தேடிப் பிடிப்பது சிரமம். அதனால் கடையே சம்பளத்துக்கு ஒருவரை வைத்திருந்தது. சற்குணம் என்பவர் இருபத்திரண்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊரின் அத்தனை ஆசைகளும் அவர் பேரில்தான் பதிவாகியிருந்தன. மனிதர் காபிகூடக் குடிக்க மாட்டார். ஓய்வு பெற்றதும் தன்னை யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்துக் குடிபோய்விட்டார்.

எனக்கு அந்த வேலை அவசரமாகத் தேவைப்பட்டது. காரணம் சுபாஷினி. ஒண்டிப்புதூர்ப் பக்கம் ஒரு தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடமாகப் பழக்கம். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவள் ஸ்டாம்பு கிழித்துக் கொடுப்பதைப் பார்ப்பதற்காகவே எனக்கு நானே எத்தனையோ கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். அவள் அப்பா நாச்சிமுத்து மோட்டார் பம்பு பட்டறை வைத்திருப்பவர். "நிரந்தர வேலை இல்லாத பையனுக்குப் பொண்ணு குடுக்கறதில்லைங்க. ஆடி முடியறவரைக்கும் பொறுப்பேன். ஆவணி பொறந்தா வேற எடம் பார்த்துருவேன்" என்று சொல்லிவிட்டார். நண்பர் வேலை நிரந்தர வேலை. பி.எஃப். உண்டு.

விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்கு இருந்த ஒரே அனுபவம் இணையத்தில் பொருட்களுக்கு விமர்சனம் எழுதியதுதான். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அதைத்தான் எழுதினேன். என் அண்ணன் லோகநாதன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "டேய் மௌலி, குக்கருக்கு ஸ்டார் போட்டதெல்லாம் ஒரு அனுபவம்னு எழுதுவியா? அதுவும் அந்தக் கடைக்கு?" என்றான். அவன் வங்கியில் வேலை பார்க்கிறான். வங்கியில் இருப்பவர்களுக்கு அனுபவம் என்றால் வயதாவது என்று நினைப்பு.

நேர்காணலுக்கு இரண்டு பேர் வந்திருந்தோம். எனக்கு முன்னால் போனவர் நல்ல படிப்பாளி. முன் அனுபவக் கட்டத்தில் 'ஆறு வருடம், நேரடியாக' என்று எழுதியிருந்தாராம். போன வேகத்தில் வெளியே வந்தார். "குடும்பப் பொம்பளைங்க வந்து போற எடம் இது. இங்க வந்து அசிங்கமாப் பேசிக்கிட்டு!" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. கடையின் முதலாளி வசந்தாமணி அம்மாவின் குரல். நெற்றி நிறையக் குங்குமம், பருத்திப் புடவை. அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே என்னை உட்காரச் சொன்னார். அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

"விமர்சனம்னு போட்டிருக்கறீங்களே தம்பி. ஒண்ணு ரெண்டு படிங்க, கேக்கலாம்."

செல்போனை எடுத்துப் படித்தேன். "பிரஷர் குக்கர், ஐந்து லிட்டர். பெட்டி நசுங்காமல் வந்தது. இன்னும் பிரிக்கவில்லை. அருமையான குக்கர். ஐந்து நட்சத்திரம்."

"ம்."

"மழைக்கோட்டு. மழை பெய்யவில்லை. தரம் நன்று. ஐந்து நட்சத்திரம்."

"ம்ம்."

"முழங்கால் வலித் தைலம். மாமாவுக்காக வாங்கினேன். இன்னும் கொடுக்கவில்லை. நல்ல பலன். நான்கு நட்சத்திரம்."

"ஏனுங்க ஒண்ணு கொறைச்சீங்க?"

"மூடி இறுக்கமா இருக்கும்னு தோணுச்சுங்க."

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார். "நானூத்திப் பன்னெண்டுல ஒண்ணைக்கூட நீங்க பயன்படுத்தலையா?"

"இல்லைங்க. பயன்படுத்திட்டா அப்புறம் அந்தப் பொருள் மேல கோவம் வந்துருதுங்க. நியாயமா எழுத முடியறதில்லை."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமாகவும் இருக்கலாம். "சற்குணத்துக்கு அப்புறம் இப்படியொரு ஆள் கெடைப்பாருன்னு நான் நெனைக்கவே இல்லை" என்றார். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன்.

வேலை இதுதான். காலை பதினொன்றிலிருந்து ஏழு மணிவரை கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி. வாடிக்கையாளர் தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்துவிட்டு என்னைக் கை காட்டி, "இவருக்குங்க" என்பார். நான் தலையாட்டிக் கையெழுத்துப் போடுவேன். அவர் பொருளை எடுத்துக்கொண்டு போவார். எனக்கு வாங்கியதை என்னிடமே கொடுத்துவிட்டுப் போக யாருக்கும் ஞாபகம் இருக்காது. எங்கள் ஊரில் ஞாபக மறதி அதிகம்.

பட்டை பட்டையாக விபூதி பூசிய ஒருவர், "நண்பர் ரொம்பத் தளர்ந்துட்டாருங்க" என்று என்னைப் பார்த்து வருத்தப்பட்டார். ஒரு கல்லூரிப் பேராசிரியர், "நம்ம நண்பருக்கு இந்தக் கலர் புடிக்காது" என்று என் எதிரிலேயே சொல்லி வேறு நிறம் எடுத்தார். அந்த நிறமும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே மத்தியானத்தில் ஒரு கணவரும் மனைவியும் பத்து நிமிட இடைவெளியில் தனித்தனியாக வந்து ஒரே பொருளை வாங்கிப் போனார்கள். இரண்டும் எனக்குத்தான். இரண்டு ரசீதிலும் கையெழுத்துப் போட்டேன்.

வாரத்தில் இரண்டு நாள் திட்டு வாங்க வேண்டும். வீட்டில் பீரோவுக்குப் பின்னால் எதையாவது கண்டெடுத்த பெண்கள் கணவரைக் கேட்பார்கள். அவர் நண்பருடையது என்பார். உடனே ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்துவிடுவார்கள். "நீதானா அது? தங்கமாட்ட இருந்த மனுசனைக் கெடுத்தது நீதானா? நீயெல்லாம் சோறுதான் திங்கறியா?" நான் தலையைக் குனிந்துகொள்வேன். அது பணி விதிகளில் இருக்கிறது. திட்டி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்ததோடு வந்ததாக அலமாரியையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். பிறகு வசந்தாமணி அம்மாவிடம் மெல்லிய குரலில், "என் ஃபிரண்டு ஒருத்தி கேட்டிருந்தா" என்பார்கள். பெண்களுக்குத் தனியாகத் தோழி என்று ஒரு பணியிடம் கிடையாது. அதற்கும் நான்தான்.

என் முன் அனுபவமும் வீண் போகவில்லை. பொருள் தயாரிக்கிற கம்பெனிகள் விமர்சனம் கேட்டன. அம்மா அந்தப் பொறுப்பையும் என்னிடம் கொடுத்தார். கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு பொருளுக்கும் என் சொந்தப் பேரில் இணையத்தில் எழுதினேன். 'நண்பர் என்ற முறையில் எனக்காக வாங்கப்பட்டது. இன்னும் பயன்படுத்தவில்லை. பெட்டி கண்ணியமாக இருக்கிறது. ஐந்து நட்சத்திரம்.' அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

ஒரே மாதத்தில் ஊருக்கே என்னைத் தெரிந்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துகொள்வார்கள். எழுந்து போகிற ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் நண்பர் எதையும் வீட்டுக்கு வெளியே சொல்லக் கூடாது. சுபாஷினிக்காக டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுவேன்.

ஆடி கடைசி வாரத்தில் நாச்சிமுத்து கடைக்கு வந்தார். பட்டறைக்காரர் அல்லவா, ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து எடை சொன்னார். ஒன்றை மட்டும் காதருகே வைத்து மோட்டார் சத்தம் கேட்டார். "பேரிங் சரியில்லை" என்று திருப்பி வைத்தார். கடைசியில் மூன்று பொருளை எடுத்துக்கொண்டு என்னைக் கை காட்டினார்.

"நம்ம நண்பருக்குங்க."

நான் தலையாட்டினேன்.

"வேலைல சேர்ந்துட்டீங்களா? சந்தோசம் தம்பி. ஆவணி மொத ஞாயித்துக்கெழமை அண்ணனைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க. பேசி முடிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் லோகநாதனும் போனோம். ஹாலில் நாச்சிமுத்துவும் சுபாஷினியின் பெரியப்பா ஒருவரும் சித்தப்பாக்கள் இரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான்கு பேரின் ரசனையும் எனக்கு அத்துப்படி. சுபாஷினி சமையலறை வாசலில் நின்றாள். அவளுடைய அம்மா கேசரித் தட்டோடு வந்துகொண்டிருந்தார்.

"வேலையில ஒரு கொறையும் இல்லைங்க தம்பி" என்று நாச்சிமுத்து ஆரம்பித்தார். "ஆனா உங்க நடத்தைதான் சரியில்லை. போன மாசம் மட்டும் உங்க பேருல என்னென்ன போயிருக்குதுன்னு எனக்கே தெரியும்."

"அதுல மூணு..." என்று லோகநாதன் வாயைத் திறந்தான். நான் அவன் தொடையில் கிள்ளினேன்.

"நான் எதையும் பயன்படுத்தலைங்க மாமா. எல்லாத்துக்கும் எழுதியே வெச்சிருக்கேன்" என்று செல்போனை நீட்டினேன். நாச்சிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இன்னும் பயன்படுத்தவில்லை. இன்னும் பயன்படுத்தவில்லை. செல்போன் பெரியப்பாவிடம் போனது, சித்தப்பாக்களிடம் போனது. அவரவர் வாங்கியது வருகிற இடத்தில் அவரவர் விரல் கொஞ்சம் நின்றது.

"எல்லாத்துக்குமா இப்படி எழுதியிருக்கறீங்க?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"எல்லாத்துக்குங்க."

"அப்ப யாருங்க தம்பி பயன்படுத்தறது?"

சித்தப்பாக்கள் ஃபேனைப் பார்த்தார்கள். கேசரித் தட்டு பாதி வழியில் திரும்பிச் சமையலறைக்கே போய்விட்டது.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "இந்த ஊர்ல இத்தனை பேரு நல்லவங்களா இருக்கறோம்னா, நீங்க ஒருத்தர் மோசமா இருக்கறதாலதான். நீங்களும் நல்லவருன்னு எழுதி வெச்சா எங்க மானம் என்னங்க ஆகறது?"

"பயன்படுத்தினேன்னு மாத்தி எழுதிருங்க தம்பி" என்றார் நாச்சிமுத்து.

"மாத்தி எழுதுனா பொண்ணு குடுப்பீங்களா மாமா?"

"அதெப்படிங்க? அப்படிப்பட்ட ஆளுக்கு எப்படிப் பொண்ணைக் குடுக்கறது?" அவர் உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னார்.

சுபாஷினியைப் பார்த்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எந்த நேரமும் அழுதுவிடுவாள் போலிருந்தாள். இரண்டு வருடம், இத்தனை திட்டு, இத்தனை கையெழுத்து, எல்லாம் இவளுக்காக. எழுந்து நின்றேன்.

"மாமா, நான் பொண்ணு கேட்டு வந்தது எனக்கில்லைங்க. ஒரு நண்பருக்குங்க."

ஹாலில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். "அட, இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா!" என்று நாச்சிமுத்து என் தோளில் தட்டினார். "நண்பருக்குன்னா எங்களுக்கு என்ன ஆட்சேபணை? என்னம்மா, உனக்குச் சம்மதமா?"

"எனக்கென்னப்பா இருக்குது. என் ஃபிரண்டு ஒருத்திக்காகச் சம்மதிக்கறேன்" என்றாள் சுபாஷினி. அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. கேசரி மறுபடியும் ஹாலுக்கு வந்தது. நெய் தாராளமாக விட்டிருந்தார்கள்.

ஆவணி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். அழைப்பிதழில் மணமகன் பெயர் 'நண்பர்' என்றும் மணமகள் பெயர் 'தோழி' என்றும் போட்டிருந்தது. நான் நண்பருக்காகத் தாலி கட்டினேன். சுபாஷினி தோழிக்காகக் கழுத்தை நீட்டினாள். ஊரே வந்து வாழ்த்தியது. டீக்கடை பெஞ்சில் எழுந்துகொள்கிறவர்கள் எல்லாரும் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். வரதராஜபுரத்தில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை உள்ள வீடாகப் பார்த்துக் குடிபோனோம்.

மூன்றாம் நாள் காலை அழைப்பு மணி அடித்தது. என் வயதில் ஒருவரும் சுபாஷினி வயதில் ஒரு பெண்ணும் இரண்டு சூட்கேஸோடு நின்றார்கள். அந்தப் பெண்ணின் கையில் ஒரு டேபிள் ஃபேன் இருந்தது.

"நாங்கதாங்க அந்த நண்பருங்க" என்றார் அவர்.

கல்யாணம் அவர்களுடையது என்பதால் படுக்கையறையை அவர்களுக்குக் கொடுத்தோம். பரிசாக வந்த கட்டில், மெத்தை, சுவர்க் கடிகாரம் எல்லாம் அவர்களுக்கு. நாங்கள் ஹாலில் பாய் விரித்துக்கொண்டோம். ஹாலில் சந்தோஷமாகத்தான் இருக்கிறோம். சுபாஷினி சமைத்தால் நான் பாத்திரம் கழுவுகிறேன். நான் கடையில் வாங்கிய திட்டையெல்லாம் சாயங்காலம் அவளுக்கு நடித்துக் காட்டுகிறேன். அவள் புரைக்கேறச் சிரிக்கிறாள். இந்த நான்கு மாதத்தில் எங்களுக்குள் ஒரு சின்ன மனஸ்தாபம்கூட வந்ததில்லை.

உள்ளே இருப்பவர்களுக்குத்தான் ஒத்துப்போகவில்லை. முதலில் ஃபேன் வேகம். பிறகு ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடுவது. பிறகு எதற்கெடுத்தாலும். சமாதானம் பேசப் போனோம். "எங்க குடும்ப விசயத்துல நீங்க தலையிடாதீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். போன வாரம் விவாகரத்து கேட்டு வக்கீலிடம் போய்விட்டார்கள். கல்யாணம் எங்கள் கையால் நடந்ததால் மனுவும் எங்கள் பேரில்தான் போட வேண்டும் என்று வக்கீல் சொன்னார். இரண்டு இடத்தில் நானும் இரண்டு இடத்தில் சுபாஷினியும் கையெழுத்துப் போட்டோம். தீர்ப்பு வந்ததும் சுபாஷினி அப்பா வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

நாளை புதன்கிழமை, விசாரணை. உள்ளே இருவரும் எதற்கோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சுபாஷினி என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். காலர் சரியாக மடியவில்லை என்று அந்த ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.