தவிட்டுக்குள் அழுத குழந்தைகள்

எங்கள் சான் ரொக்கே கிராமத்துக்கு அரிசி ஆலை வந்த நாலாம் வருடத்திலிருந்து, ஊர்க் கைக்குழந்தைகளின் அழுகை ஆலையின் தவிட்டுக் குவியலிலிருந்துதான் கேட்டது. வீட்டில் பிள்ளை முகம் நீலம் பாரித்து, ஓசையே இல்லாமல் வாயைப் பிளக்கும். அதே நேரம் ஆலையில் தவிடு வீறிடும். நண்பகலில் இயந்திரம் நின்றால் ஏரிக்கரைவரை கேட்கும். ஆலைக்காரர் மாங் குலாஸ் மேல்தவிட்டை வழக்கம்போலப் பன்றிகளுக்கு அள்ளிப் போட்டார். பன்றிகள் கொழுத்தன. பிள்ளைகள் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை.

மணிலாவிலிருந்து டாக்டர் பெலிசா வந்தபோது ஊரில் யாரும் உரலைத் தொடுவதில்லை. ஆலை அரிசி அப்படியொரு வெளுப்பு. அதையும் தண்ணீர் தெளியும்வரை ஏழு தடவை கழுவுகிறவளே எங்களுக்கு நல்ல மருமகள். பிள்ளை பெற்றவளுக்கு அந்தச் சோறும் உப்பும்தான். டாக்டர் இதய நோய் என்று நினைத்து இரண்டு வருடம் அதற்கே மருந்து கொடுத்தார். முப்பத்தெட்டுச் சின்னப் பெட்டிகளோடு கல்லறைக்கு நடந்தார். அவற்றில் மூன்று என் பக்கத்து வீட்டு சாலிங் பெற்ற பிள்ளைகளுடையவை. சாலிங்கின் நாலாவது குழந்தை மீலிங்கும் ஒரு திங்கட்கிழமை சத்தமில்லாமல் அழத் தொடங்கியது.

அன்றே டாக்டர் ஆலைக்குப் போய், தவிட்டில் மண்டியிட்டு, ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"என்ன டாக்டரம்மா, தவிட்டுக்கு நெஞ்சுவலியா?" என்று மாங் குலாஸ் சிரித்தார். டாக்டர் நிமிராமலே சொன்னார்: "சும்மா இரும்யா. பிள்ளைங்க உசிரு இதுலதான் கிடக்கு."

அழுகை பலமாகக் கேட்ட இடத்தில், பன்றிகளுக்கு எட்டாத அடித்தவிடுவரை தோண்டி அள்ளினார். சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, பாகாகச் சுண்டக் காய்ச்சினார். இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் மீலிங் வாயைத் திறக்கவும் தெம்பில்லாமல் கிடந்தது.

டாக்டர் பாகோடு வந்தபோது சாலிங் வாசலை மறித்தாள். "பன்னி திங்கிறதையா என் பிள்ளைக்கு ஊத்தப் போறீங்க? ஊர் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும்டி. சிரிக்கிறவ வீட்டுத் தொட்டிலும் காலியாத்தானே ஆடுது?"

சாலிங் குழந்தையை நீட்டினாள்.

நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். மூன்றாம் சொட்டு இறங்கியதும் மீலிங் அழுதது. ஒரு குரலில் இல்லை, நாலு குரலில். சாலிங் பிள்ளையின் வாயருகே காதை வைத்தாள். "இது என் பெரியவன். அடுத்தது தோனிங். அந்தக் கீச்சுக் குரல், பேர் வைக்குமுன்னே போச்சே, அது!" என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னாள். டாக்டர் அழுதுகொண்டே குழந்தையின் நாடியைப் பிடித்து எண்ணினார்.

அப்புறம் முப்பத்தொரு வருடம் அந்த அம்மாள் ஏரியைச் சுற்றி ஊர் ஊராகத் தவிடு காய்ச்சினார். பிள்ளை பெற்றவர்களைப் பயறும் மீனும் தின்ன வைத்தார். பிள்ளைகள் தத்தம் வீட்டிலேயே அழுதன. மீலிங் வளர்ந்து பள்ளிக்கூடம் போயிற்று. அது வாசலில் நின்று "அம்மா" என்று ஒரு தடவை கூப்பிடும். உள்ளேயிருந்து சாலிங் "வந்துட்டேன்டா" என்று நாலு தடவை பதில் சொல்லுவாள். சோறும் நாலு தட்டில்தான் போடுவாள்.