அமைச்சர் எழுதிய ஏழு கேள்விகள்

ஆளைக் கடத்தி விற்பவர்களை எங்கள் அமைச்சர் சும்மா விட்டதே இல்லை. அதில் அவரை நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். பூட்டிக் கிடந்த தையல் ஆலையின் பின்கதவை உடைக்கச் சொல்லி, முதல் ஆளாக உள்ளே போனவர். ஒரு தையல்காரியின் கையைப் பிடித்து அவர் வெளியே வரும் போட்டோ, எங்கள் உதவி எண் அலுவலகத்தில், நான் போன் எடுக்கும் மேசைக்கு நேர் எதிரே தொங்குகிறது.

போன் செய்பவர்களிடம் கேட்க வேண்டிய ஏழு கேள்விகளையும் அவரே உட்கார்ந்து எழுதினார். மூன்றுக்கு ‘ஆமாம்’ என்று வந்தால் ஒரு மணி நேரத்தில் மீட்புக் குழு கிளம்ப வேண்டும், யாரிடமும் அனுமதி கேட்கக் கூடாது. “என் வீடாவே இருந்தாலும் போகணும்” என்று அவர் சொன்னபோது எல்லோரும் கை தட்டினோம். கை தட்ட என்ன கஷ்டம்?

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண் தணிந்த குரலில் பேசினாள்.

“கதவை வெளியில பூட்டுறாங்களாம்மா?”

“ஆமாக்கா.”

“உன் பாஸ்போர்ட்டை அவங்க வச்சிருக்காங்களா?”

“ஆமா, ரெண்டு வருஷமா.”

“இஷ்டமில்லாம வேலை வாங்குறாங்களா?”

“மேடையில பேச வைக்கிறாங்க. பதினோரு தடவை ஆச்சு. அழ வேண்டிய இடத்துல அழலைன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறாங்க. எப்பக் கேட்டாலும் வழக்கு முடியட்டும்னு ஒரே பாட்டு. என் பொண்ணுக்கு ஆறு வயசாச்சு, போன்ல பேசுனா யாருன்னு கேக்குறா. நான் வீட்டுக்குப் போகணும்க்கா.”

மூன்றாவதுக்கும் ‘ஆமாம்’ என்று குறித்துக்கொண்டேன். விலாசம் கேட்டேன்.

“உங்க அரசு காப்பகம்தான். உங்க சுவத்துல இருக்கிற போட்டோவுல அமைச்சர் மேடம் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது என்னைத்தான்.”

மீட்டவர்களை நாங்கள் தங்க வைக்கும் இடம் அது. மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கக் கூடாது என்பதுதானே விதி? குழுவை அனுப்பினேன்.

மதியத்துக்குள் அவளை எங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அவள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அமைச்சரும் வந்துவிட்டார். மீட்பு என்றாலே கூட வரும் கேமராக்காரரும் பின்னால் நின்றார்.

“யாரு என் காப்பகத்துக்கே ஆள் அனுப்புனது?”

“நீங்கதான் மேடம்” என்று அந்த ஏழு கேள்விப் படிவத்தை நீட்டினேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். கடைசி வரியில், ‘தங்க வைக்கப்படும் இடம்’ என்பதற்கு எதிரே ‘அரசு காப்பகம்’ என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. எங்கிருந்து மீட்டோமோ அங்கேயே கொண்டுபோய் விட வேண்டும். இந்தக் கூத்துக்கும் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தங்கச்சி.”

“பதினோரு மேடையிலயும் உங்க பக்கத்துலதான் நின்னேன் மேடம். நீங்க ஒண்ணுமே கேக்கலையே.”

அமைச்சரின் முகம் செத்துப்போனது. அச்சடித்த வரியை அடித்துவிட்டு ‘சொந்த வீடு’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பாஸ்போர்ட்டை வரவழைத்து அவள் கையில் கொடுத்தார். அப்புறம், பழக்கதோஷம், கேமராக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டே, “போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்றார்.

“வேண்டாம் மேடம்” என்றாள் அவள். பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

எங்கள் ஆண்டறிக்கையில் அவள் இரண்டு முறை மீட்கப்பட்டிருக்கிறாள். முதல் முறைக்கு மட்டும்தான் போட்டோ இருக்கிறது.