புரூக்மோசர் ஊரில் இருக்கையில் மாவு உப்பாது

வெண்டெலின் புரூக்மோசர் ஆஸ்திரியாவின் மிட்டர்குரூபன் ஊரின் மேயராகப் பதவியேற்ற 1961 மார்ச் மாதத்துத் திங்கட்கிழமையிலிருந்து அவர் வீட்டில் பால் திரிவது நின்றுபோனது. அவர் மனைவி ஹெர்மினா ஒரு குவளைப் பாலை ஜன்னலோரம் வெயிலில் வைத்து ஒன்பது நாள் பார்த்தாள். பத்தாம் நாள் அதைக் காப்பியில் ஊற்றிக் குடித்துவிட்டு, குளிர்பெட்டி வாங்கும் யோசனையைக் கைவிட்டாள். அடுத்தடுத்து வேறு விஷயங்களும் தெரியவந்தன. நறுக்கி வைத்த ஆப்பிள் கறுக்கவில்லை. ரொட்டி காய்ந்துபோகவில்லை. ஈஸ்டருக்கு வெட்டி வைத்த பூக்கள் அறுவடைத் திருவிழாவுக்கும் அதே மேசையில் அதே மலர்ச்சியோடு நின்றன. மேயர் வெளியூர் போனால் மட்டும் அவை ஒரு மணி நேரத்தில் தலை தொங்கிவிடும். திரும்பி வந்தால் தொங்கியபடியே நிற்கும்.

புரூக்மோசருக்கு இதில் ஆச்சரியம் எதுவும் தெரியவில்லை. முப்பத்திரண்டு பசுக்களும், அப்பாவிடமிருந்து வந்த பச்சைக் கம்பளிக் கோட்டும், பழமைவாதிகளின் கறுப்புக் கட்சி உறுப்பினர் அட்டையும் வைத்திருந்த மனிதர் அவர். தேர்தல் சுவரொட்டியில் அவர் படத்துக்குக் கீழே ‘இருக்கிறபடியே இருக்கட்டும்’ என்ற ஒரே வரிதான். ஊரார் அதற்குத்தான் ஓட்டுப் போட்டார்கள், அதுதான் நடந்தது, இதில் வியக்க என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

1967இல் லின்ஸ் நகரத்து மாகாண சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அந்தச் சக்தி வீட்டைத் தாண்டித் தெரு முழுவதும் பரவியது. தெருமுனையில் பாலாடைக்கட்டி செய்துகொண்டிருந்த கிரெஸென்சியாவின் நிலவறையில் நாற்பது வட்டுகள் முதிராமல் ரப்பர் போலக் கிடந்தன. ஊர் அவளை சென்ஸி என்று கூப்பிடும். ஊராட்சியில் சிவப்புக் கட்சிக்கு இருந்த ஒரே உறுப்பினரும் அவள்தான். ஒரு வட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்கு வந்து மேயர் மேசைமேல் போட்டாள். அது துள்ளி எழுந்து செயலரின் மடியில் விழுந்தது.

“மேயர் ஐயா, உங்க கொள்கைய உங்க கட்சி ஆபீசோட வெச்சுக்குங்க. என் பாலாடைக்கட்டி முற்போக்கானது, அதுக்கு வயசாகணும்.”

“நான் என்னம்மா பண்ணேன்? சும்மாதான உக்காந்திருக்கேன்?”

“அதத்தான் சொல்றேன். ஆறு வருஷமா சும்மாதான் உக்காந்திருக்கீங்க.”

ஊராட்சி விவாதித்து, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சென்ஸி நிலவறையை மலையோரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தது. 1975இல் அவர் வியன்னா நாடாளுமன்றத்துக்குப் போனார். அதோடு ஊர் முழுவதும், மலையோரம் உட்பட, அவர் கட்டுக்குள் வந்தது. நல்லவேளையாக வாரநாட்களில் அவர் வியன்னாவில் இருந்தார். வெள்ளிக்கிழமை மாலை ஆறு பத்து ரயிலில் அவர் வந்து இறங்கினால், ஊரில் பிசைந்து வைத்த மாவெல்லாம் எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில் நின்றுவிடும். ஆகவே பெண்கள் வியாழக்கிழமையே ரொட்டி சுட்டார்கள். ஆண்கள் சனி, ஞாயிறு சவரம் செய்வதில்லை, தேவையும் இல்லை. கர்ப்பிணிகள் முன்கூட்டியே மாவட்டத் தலைநகரின் மருத்துவமனையில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். சென்ஸி வெள்ளிதோறும் பாலாடைக்கட்டிகளை லாரியில் ஏற்றிப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு அனுப்பி, திங்களன்று திரும்ப வரவழைத்தாள். எல்லோரும் பழகிக்கொண்டார்கள். வியன்னாவிலோ அவருடைய சக்தியை யாரும் கவனிக்கவே இல்லை. அங்கே அதே கருத்துடைய கனவான்கள் ஏற்கெனவே நிறைய இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. வயதான சில உறுப்பினர்கள் மட்டும் அவருக்குப் பக்கத்து இருக்கைக்காகக் கட்சிக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அவருக்கு ஒரே மகள், வால்புர்கா. வீட்டில் வல்லி. அவளுக்குப் பதினான்கு வயதானபோது, ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுவுக்கு ஆள் எடுக்கையில், யார் என்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் நின்று ஃப்ளூகல்ஹார்ன் என்ற ஊதுகொம்பை ஊதினாள். மேயரான நாள் முதலே அந்தக் குழுவின் தலைவரும் புரூக்மோசர்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்தப் பையன எங்கேர்ந்து புடிச்சீங்க?” என்று கேட்டார். திரை விலகியது. குழுவில் பெண்கள் இல்லை, இருந்ததும் இல்லை என்று அவரே நடைமுறை நூலைப் பிரித்து மகளுக்கு வாசித்துக் காட்டினார். வல்லி ஹார்னை உறையில் போட்டு மூடினாள். அப்பா வீட்டில் இல்லாத நேரங்களில் வளர்ந்தாள், லின்ஸில் இசை ஆசிரியை ஆனாள், ஒரு ரயில் ஓட்டுநரைக் கட்டிக்கொண்டாள், அப்பாவோடு வானிலை பற்றி மட்டும் பேசினாள்.

1986 பிப்ரவரியில் அவள் நிறைமாதமாக ஊருக்கு வந்தாள். பதினோரு தலைமுறையாகப் புரூக்மோசர்கள் எல்லோரும் பிறந்தது அந்த வீட்டு மாடியின் மூலை அறையில்தான். குழந்தையும் அங்கேதான் பிறக்க வேண்டும் என்று புரூக்மோசர் லின்ஸுக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தார். செவ்வாயோ புதனோ, தான் வியன்னாவில் இருக்கும்போது பிரசவம் ஆகிவிடும் என்பது அவர் திட்டம். ஆனால் அந்த ஞாயிறு பூசை முடிந்து இறங்கும்போது தேவாலயப் படியில் பனிக்கட்டி வழுக்கி வலது கால் முறிந்தது. மருத்துவர் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் அசையக் கூடாது என்றார்.

ஆறு வாரம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிந்த அன்று இருந்தது போலவே இருந்தது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி ஊர்க்காரர் யாருமே அதுவரை யோசிக்காத ஒன்றை யோசித்தார். மேயருக்கு மிக அருகில் எப்போதும் இருப்பது மேயர்தான்.

“கால் எப்ப கூடும், டாக்டர்?”

“நீங்க ஊர்ல இல்லாதப்ப.”

“கால் இல்லாம நான் எப்படி ஊர விட்டுப் போறது?”

“அதான் பிரச்சினை,” என்றார் மருத்துவர். எலும்பு ஒட்டாத நிலையில் வண்டியில் ஏற்றினால் காலே போய்விடும் என்றும் சொன்னார்.

ஈஸ்டர் வந்தது. வல்லியின் வயிறு பிப்ரவரியில் இருந்த அளவில் ஓர் இழைகூடக் கூடாமல் குறையாமல் நின்றது. லின்ஸுக்குத் திரும்பிப் போகிறேன் என்று அவள் சொன்னபோதெல்லாம் புரூக்மோசர் பதினோரு தலைமுறையை எண்ணிக் காட்டினார். மே மாதம் வந்தது, ஊரில் வசந்தத் திருவிழாக் கம்பம் நட்டார்கள். கல்லறைத் தோட்டத்து நிழலில் பிப்ரவரிப் பனி அப்படியே வெள்ளையாகக் கிடந்தது. ரொட்டி பக்கத்து ஊரிலிருந்து வந்தது. சென்ஸி லாரியோடு பக்கத்துப் பள்ளத்தாக்கிலேயே குடியிருந்தாள். குழந்தை உள்ளே உதைத்துக்கொண்டு மட்டும் இருந்தது, மாலையில் அதிகமாக. “தாளம் தப்பாம உதைக்குது,” என்றாள் ஹெர்மினா. ரயில் ஓட்டுநர் தன் ரயில் அந்த ஊர் வழியாகப் போகும்போதெல்லாம் இரண்டு முறை ஊதினார். வல்லி மாடி ஜன்னலிலிருந்து இன்னும் இல்லை என்று கையசைத்தாள்.

ஜூலையில் வியன்னாவிலிருந்து தொலைபேசி வந்தது. கட்சிச் செயலாளர் பேசினார். விவசாய அமைச்சர் பதவி புரூக்மோசருக்கு என்று முடிவாகிவிட்டதாம், கால் கூடும்வரை வீட்டிலிருந்தே கையெழுத்துப் போடலாமாம். இருபத்தைந்து வருடம் அவர் காத்திருந்த செய்தி. ஹெர்மினா நல்ல கோப்பைகளை எடுத்தாள். பாலாடைக்கட்டி முதிராதது பற்றி மறுபடி மனுக் கொடுக்க அன்று வந்திருந்த சென்ஸி மட்டும் வாசலில் நின்று விரலை மடக்கி எண்ணினாள்.

“மேயர்னா வீடு. மாகாண சபைன்னா தெரு. நாடாளுமன்றம்னா ஊரு. மந்திரின்னா என்ன வரும், சொல்லுங்க பாப்போம்?”

அவளே நான்காவது விரலை மடக்கினாள்.

“ஆஸ்திரியா முழுக்க,” என்றாள் அவள். “எங்க பாலாடைக்கட்டி போகட்டும். இந்த நாட்ல ஒரு கொழந்த பொறக்காது. ஒரு கன்னுக்குட்டி பொறக்காது. விவசாய மந்திரியாம்!”

மாடிப்படியின் மேல்முனையிலிருந்து வல்லியின் குரல் கேட்டது. “அப்பா, அப்படின்னா நான் பாசாவ் போறேன். எல்லை தாண்டினா சரியாயிடும்.”

புரூக்மோசரின் முகம் வெளுத்தது. “பாசாவா? ஜெர்மனிக்கா?”

“ஆமா.”

“என் பேரப்புள்ள ஜெர்மன்காரனா பொறக்கணுமா?”

“பொறந்தா போதும்ப்பா எனக்கு.”

அவர் கட்டுப்போட்ட காலை முக்காலியில் நேராக நகர்த்தி வைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார். அமைச்சர் பதவியைத் துறக்க மூன்று நிமிடம் ஆயிற்று. அதில் இரண்டு நிமிடம் செயலாளர் நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டது. நாடாளுமன்ற இருக்கையைத் துறக்கும் கடிதம் எழுத ஒரு மணி நேரம். மாலைக்குள் மேயர் முத்திரையைத் துணை மேயரிடம் கொடுத்தனுப்பினார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மாவுப் பாத்திரங்களைச் சுற்றி நின்றது. கல்லறைத் தோட்டத்தில் கொஞ்சம் பனி கரைந்தது, பக்கத்துத் தெருவில் ஒரு பூனை குட்டி போட்டது. ஆனால் புரூக்மோசர் வீட்டுக்குள் எதுவும் அசையவில்லை.

“இன்னும் ஒண்ணு பாக்கி,” என்றாள் ஹெர்மினா.

“எல்லாத்தையும் குடுத்துட்டேன்.”

“வாத்தியக் குழு.”

“அது பதவி இல்ல ஹெர்மினா. அது... அது வாத்தியக் குழு.”

“இருபத்தஞ்சு வருஷமா அந்த நாற்காலிய விடாம உக்காந்திருக்க. வேற என்ன பேரு அதுக்கு?”

அமைச்சர் பதவியையும் நாடாளுமன்றத்தையும் ஊரையும் ஒரே நாளில் கைகழுவியவருக்கு இதற்கு இரண்டு நாள் போதவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. குழுவின் நடைமுறை நூலை மடியில் வைத்துக்கொண்டு, தன் கையெழுத்தில் இருந்த விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாமே நல்ல விதிகளாகத்தான் அவருக்குப் பட்டன. மூன்றாம் நாள் பிற்பகல் மாடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஐந்து மாதமாக அந்தப் பெண் அழவில்லை, சலித்துக்கொள்ளவில்லை, கேலிதான் பேசினாள். இப்போது தலையணையில் முகத்தைப் புதைத்து அழுவது தெளிவாகக் கேட்டது.

புரூக்மோசர் படியில் பின்புறமாக உட்கார்ந்தார். கையை ஊன்றி, கட்டுப்போட்ட காலை இழுத்து, ஒரு படி ஏறினார். பதினாறு படிகள். நடைமுறை நூல் கோட்டுக்குள் இருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது.

“ஏம்மா அழற?”

“பயமா இருக்குப்பா. உள்ள உதைக்கறது நின்னுடுமோன்னு இருக்கு.”

தரையில் உட்கார்ந்தபடியே அவர் நூலைத் திறந்தார். பேனாவைத் தேடி எடுத்தார். பெண்கள் கூடாது என்ற நான்காம் விதியின் மேல் ஒரு கோடு இழுத்தார். ஒழுங்கான மனிதர் என்பதால் ஓரத்தில் தேதியும் நேரமும் குறித்து, திருத்தம் தலைவரால் முன்மொழியப்பட்டது என்று எழுதினார். கீழே, இதுவே தலைவரின் கடைசிச் செயல் என்றும் எழுதிக் கையெழுத்திட்டார்.

“அன்னிக்கே தெரியும்மா எனக்கு,” என்றார் மகளைப் பார்க்காமல். “திரை விலகுறதுக்கு முன்னாடியே. அந்த மாதிரி மூச்சு நம்ம வீட்டு ஆளுங்களுக்குத்தான் வரும்.”

வல்லி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் வலி வந்துவிட்டது.

தேங்கி நின்ற காலம் முழுவதும் சேர்ந்து வந்தது. புரூக்மோசர் வீட்டு மாவுப் பாத்திரத்தில் பிப்ரவரியிலிருந்து காத்திருந்த மாவு உப்பி, மேசையை விட்டு இறங்கி, முற்றம் வரை போயிற்று. இருபத்தைந்து வருடப் பால் ஒரே நொடியில் திரிந்தது. புரூக்மோசரின் தாடி, அவர் அதைத் தடவிக்கொண்டிருக்கும்போதே மார்புவரை வளர்ந்து இறங்கியது. கால் எலும்பு சட்டென்று ஒட்டிக்கொண்டது. கட்டுக்குள் அரிப்புத் தாங்காமல் அவர் எழுந்து நின்றுவிட்டார். ஓடிவந்த மருத்துவர் பையைத் திறப்பதற்குள், பதினோரு நிமிடத்தில், குழந்தை பிறந்தது. பெண். பதினான்கு மாதம் வயிற்றிலிருந்த குழந்தைக்கு உரிய ஆறு பல்லும், தோள் வரை முடியும் இருந்தன. மருத்துவர் எடை போட்டார். தராசுத் தட்டில் அது தானாக எழுந்து உட்கார்ந்தது. அன்று ஊரைக் கடக்கையில் ரயில் இரண்டு முறைக்குப் பதில் ஏழு முறை ஊதியதற்கு நிலைய அதிகாரி மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு ஞானஸ்நானம். சென்ஸி ஞானத்தாய். வல்லி வாத்தியக் குழுவின் முதல் வரிசையில் ஊதிவிட்டு, ஹார்னை இருக்கையில் வைத்துவிட்டு வந்தாள். மூத்த பெண்ணுக்கு ஹெர்மினா என்றோ வால்புர்கா என்றோ வைப்பது அந்தக் குடும்பத்தின் மாறாத வழக்கம். எந்தப் பெயர் என்பதில் பெண்கள் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. புரூக்மோசருக்கு இப்போது எந்தப் பதவியும் இல்லாததால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. குழந்தை யார் கையிலும் இருக்க மறுத்து, அவருடைய ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டிவரை நடந்தே வந்தது.

“குழந்தைக்கு என்ன பேர்?” என்று கேட்டார் பாதிரியார்.

ஹெர்மினா ஒரு பெயரையும் வல்லி ஒரு பெயரையும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

“சிபில்லா,” என்றது குழந்தை.

பாதிரியார் புரூக்மோசரைப் பார்த்தார். அந்தப் பெயர் அவர் குடும்பத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

“எழுதுங்க ஃபாதர்,” என்றார் புரூக்மோசர். “அவ பேரு அவளுக்குத் தெரியாதா?”

பாதிரியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, பதிவேட்டின் மேல் குனிந்து, எழுத்தில் ஒரு ‘எல்’லா இரண்டா என்று கேட்டார். குழந்தை இரண்டு என்றது. அவர் இரண்டு எழுதினார்.